பழைய எஞ்சினும் புதிய வேகமும்

மும்பையில் தமிழர் மிகுதியாக வாழும் இடங்கள் எவை என்று கேட்டால், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று விரல் மடக்குவார்கள். ஆண்டாப் ஹில் அதற்குப் பின்னரே நினைவுக்கு வரும். ஆயினும் மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு இது முக்கியமான இடம். வடாலா வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இங்கேதான் அமைந்திருக்கிறது. ஓட்டுநர் உரிமம் வேண்டுவோரும், வண்டியின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியோரும் கையில் காகிதக் கட்டுடன் வந்து நிற்கும் இடம் இது.

இங்கே எமது குடியிருப்புக்கு அருகில் நெல்லைச் சீமையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வசிக்கிறார். அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. அவரிடம் 1971-ஆம் ஆண்டில் பதிவான ஃபியட் 1100 டிலைட் வண்டி ஒன்று உண்டு. சென்ற மழைக்காலம் கழிந்ததும் அதன் எஞ்சின் சோர்ந்துவிட்டது. மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கியது. பின்புறம் நீலப் புகை எழுந்தது. புகைச் சோதனையிலும் தோற்றுப்போயிற்று. பதிவைப் புதுப்பிக்கச் சில திங்களே எஞ்சியிருந்தன. எஞ்சின் சீராகாவிட்டால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

இந்நிலையில் அவருடைய கல்லூரிப் பேரன் வேறொரு யோசனை கூறினான். "தாத்தா, எப்படியும் எஞ்சினைப் பிரிக்கத்தானே போகிறோம்? பெரிய கார்பரேட்டர் போட்டு, ஹெட்டைச் சீவி, ஹாட் ராட் ஆக்கிவிடலாம்" என்றான். பெரியவருக்கு வண்டி பழையபடி ஓடினால் போதும். பேரனுக்கோ அது பறக்க வேண்டும். எஞ்சினோ ஒன்றுதான்.

நாம் தொழிலால் மொழிபெயர்ப்பாளர்; கலைப் பாடம் பயின்றவர். இயந்திர வேலையில் எமக்கென்ன இடம் என்று நேயர்கள் வினவலாம். வேலையை ஏற்ற மிஸ்திரி நாற்பது ஆண்டுக் காலம் டாக்சிகளைப் பழுது பார்த்த தமிழர். ஆனால் ஆங்கிலம் படிக்க அறியாதவர். வண்டியோடு வந்த கையேடோ ஆங்கிலத்தில் இருந்தது. அதிலுள்ள அளவுகளைப் படித்துச் சொல்லித் தமிழில் எழுதித் தருவதே எமக்கு வாய்த்த பணி. அப்பணியினூடே நாம் தெரிந்துகொண்டவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலில் வண்டியின் வரலாறு. ஃபியட் நிறுவனம் இந்த 1100 வகையை இத்தாலியில் 1953-ஆம் ஆண்டு வெளியிட்டது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், ஆண்டாப் ஹில்லுக்கு அண்மையிலுள்ள குர்லாவில் தொழிற்சாலை அமைத்து, 1950-களின் நடுவிலிருந்து அவ்வண்டியை இந்தியாவில் உருவாக்கி வந்தது. 1960-களில் டிலைட் என்றும், 1970-களில் பிரீமியர் பத்மினி என்றும் பெயர் மாறியது. எஞ்சின் பெரிதும் மாறவில்லை. கறுப்பும் மஞ்சளும் பூசிய பத்மினி டாக்சி மும்பையின் அடையாளமாகவே விளங்கிற்று. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ஆம் நாள் தார்தேவ் அலுவலகத்தில் பதிவாயிற்று. மும்பையில் டாக்சிகளுக்கு இருபது ஆண்டு வரம்பு உண்டு. ஆகவே 2023 அக்டோபர் இறுதியோடு அவை தெருவிலிருந்து மறைந்தன. வண்டிகள் மறைந்தபோது அவற்றின் நாடி அறிந்த மிஸ்திரிகளுக்கும் வேலை குறைந்தது. எம்முடைய மிஸ்திரி அவர்களுள் ஒருவர்.

இனி எஞ்சினைப் பார்ப்போம். இதில் நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் குறுக்களவு 68 மில்லிமீட்டர். அதனுள் பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 75 மில்லிமீட்டர். நான்கின் கொள்ளளவையும் கூட்டினால் 1,089 கன சென்டிமீட்டர். பிஸ்டன் முதல் முறை இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. ஏறும்போது அது அழுத்தப்படுகிறது. அழுத்தத்தின் உச்சியில் பொறி தட்ட, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி ஏறும்போது எரிந்த புகை வெளியேறுகிறது. இந்நான்கில் வேலை தருவது ஒன்றே. அந்த ஒன்றும் செவ்வனே நிகழ, அழுத்தப்பட்ட கலவை எங்கும் ஒழுகாதிருக்க வேண்டும். எஞ்சின் கிழடுதட்டிற்று என்பதன் பொருள் பெரும்பாலும் இந்த ஒழுக்குத்தான்.

ஒழுக்கு எங்கே என்று அறிய எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. புகையே பாதி விடை கூறும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டுகிறது. கரும்புகை பெட்ரோல் மிகுந்ததைக் காட்டுகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று ஐயுற வேண்டும். மீதி விடையை அழுத்தமானி தரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளையில் மானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால், அந்தச் சிலிண்டரின் அழுத்தம் தெரியும். அளவு குறைவாக இருந்தால் ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துளையில் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடில் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்துள்ள இரு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைந்திருந்தால், அவற்றினிடையே கேஸ்கெட் பிய்ந்திருக்கக் கூடும்.

அண்ணாச்சியின் வண்டியில் நான்கு சிலிண்டரும் தளர்ந்திருந்தன. எண்ணெய் விட்டதும் அழுத்தம் ஏறிற்று. நடுவிலுள்ள இரண்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தன. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தபோது அதன் காரணமும் வெளிப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் ஹெட்டின் போல்ட்டுகளை முறைமையின்றி முறுக்கியிருந்தார்கள். இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது, ஹெட்டோ அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட மிகுதியாக விரியும். ஆகவே எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே ஹெட்டைத் திறக்க வேண்டும். மூடும்போது நடுப் போல்ட்டிலிருந்து தொடங்கி இருபுறமும் ஓரம் நோக்கிச் செல்ல வேண்டும். ஒரே முறுக்கில் இறுக்காமல், முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பானரால் இரண்டு மூன்று சுற்றுகளில் கையேட்டின் அளவை எட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் ஹெட் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டின் கீழே எந்தக் கேஸ்கெட்டும் நிலைக்காது.

இங்கே பேரனின் ஆசையையும் ஆராய வேண்டியிருந்தது. ஹாட் ராட் என்பது அமெரிக்கச் சொல். 1930-களில் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டு வண்டிகளை மலிவாக வாங்கி, மட்கார்டு முதலிய பாரங்களைக் கழற்றி எறிந்து, எஞ்சினை மாற்றியமைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டி நடத்தினார்கள். 1932-இல் ஃபோர்டு நிறுவனம் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை மலிவு விலை வண்டியில் பொருத்தியதும் இக்கலை மேலும் பரவிற்று. தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தி வந்தது. நம் தெருக்களில் ஓடிய ஃபியட், ஹெரால்டு போன்ற வண்டிகளே பட்டறைகளில் கூர்தீட்டப்பட்டு அங்கே ஓடின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதை திறக்கப்பட்டது. பந்தயத் திடலில் இக்கலைக்கு இன்றும் இடம் உண்டு.

வேகம் கூட்டுவோர் மேற்கொள்ளும் வழிகள் பெரும்பாலும் மூன்று. சிலிண்டரை அகலப்படுத்துவது, அழுத்தத்தைக் கூட்டுவது, எஞ்சின் தடையின்றி மூச்சுவிடச் செய்வது என்பன அவை. இவற்றுள் முதலதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 68 மில்லிமீட்டரை 69 ஆக்கினால் கொள்ளளவு 1,089-இலிருந்து ஏறத்தாழ 1,122 ஆகும். கிடைப்பது நூற்றுக்கு மூன்றே பங்கு. அதற்காகச் சிலிண்டர்ச் சுவர் மெலிகிறது. அடுத்த முறை தேய்ந்தால் மறுபடி கடைய இடம் சுருங்குகிறது.

இரண்டாவது வழி ஹெட்டைச் சீவுவது. அழுத்த விகிதம் எட்டுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 272 கன சென்டிமீட்டர். அப்படியானால் மேலேயுள்ள எரியறையின் அளவு சுமார் 39. ஹெட்டில் ஒரு மில்லிமீட்டர் சீவினால் எரியறை மூன்றரை கன சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்து, விகிதம் ஒன்பதை நெருங்கும். ஆற்றல் சற்றே கூடும். கலவை பொறிக்குக் காத்திராமல் ஆங்காங்கே வெடித்துத் தட்டும் அபாயமும் கூடும். அத்தட்டல் நீடித்தால் பிஸ்டனின் தலையே உடைந்துபோகும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்றும் வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. மேலும், 2021-இல் வெளியான பழம்பெரும் வண்டிகளுக்கான விதிகளின்படி, முதற்பதிவுக்குப் பின் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்தாண்டு செல்லும். ஆனால் வண்டி தன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஹாட் ராட் ஆக்கிய வண்டி இத்தகுதியை இழந்துவிடும்.

இவற்றையெல்லாம் கேட்ட பேரனின் முகம் வாடிற்று. அப்போது மிஸ்திரி கூறியது இப்போதும் எம் நினைவில் நிற்கிறது. "தம்பி, இந்த எஞ்சின் புதுசா இருந்தப்ப எப்படி ஓடிச்சுன்னு நீ பார்த்ததில்லை. முதல்ல அதைப் பார். அதுக்கு மேல வேணுமான்னு அப்புறம் கேள்" என்றார்.

அதன்பின் அளவெடுக்கும் வேலை தொடங்கிற்று. பிரிக்கும்போதே ஒவ்வோர் உறுப்பிலும் அதன் எண்ணைக் குறித்து வைத்தார்கள். முதல் சிலிண்டரின் பேரிங் மூடி இரண்டாவதற்குப் பொருந்தாது. திசை மாற்றியும் போடக் கூடாது. பின்னர்ச் சிலிண்டர்களை மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களிலும், ஒவ்வொரு மட்டத்தில் நெடுக்கும் குறுக்குமாக இரு திசைகளிலும் அளந்தார்கள். வளையங்கள் எட்டும் உச்சியிலே தேய்மானம் மிகுதி, அடியில் குறைவு. பிஸ்டன் பக்கவாட்டில் சாயும் திசையில் துளை நீள்வட்டமாகியிருக்கும். இவ்விரண்டு குறையையும் புது வளையம் மட்டும் போட்டு நீக்க இயலாது. வட்டமற்ற துளையில் வட்டமான வளையம் எவ்வாறு பொருந்தும்? ஆகவே துளையைக் குறைந்த அளவே கடைந்து வட்டமாக்கி, அதற்கேற்ற அடுத்த அளவுப் பிஸ்டனைப் போடுவது முறை.

பிஸ்டன் தேடி அலைந்த கதை தனி. குர்லாவின் சி.எஸ்.டி. சாலைக் கடைகளிலும் சோர் பஜாரிலும் டாக்சிகளிலிருந்து கழற்றிய உறுப்புகள் குவிந்திருந்தன. ஆனால் உறை பிரியாத நான்கு பிஸ்டன்கள் ஒரே அளவில் கிடைப்பது அரிது. இங்கே மிஸ்திரி விதித்த முறையை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பிஸ்டன் கைக்கு வரும்வரை சிலிண்டரைக் கடைய அவர் ஒப்பவில்லை. ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதற்குரிய இடைவெளி சேர்த்து, அதன் பின்பே துளையின் அளவைக் குறித்தார். அவ்விடைவெளி ஒரு தலைமயிரின் கனத்தை ஒத்தது. முதலில் துளையைக் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுவோர் பொருந்தாததைப் பொருத்த நேரிடும்.

பேரனின் ஆசைக்கு விடை கிடைத்தது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மிஸ்திரி நகைக்கடைத் தராசு ஒன்றை வரவழைத்து, நான்கு பிஸ்டன்களையும் நான்கு கனெக்டிங் ராடுகளையும் நிறுக்கச் சொன்னார். எடைகள் வேறுபட்டிருந்தன. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு ஐம்பது முறை ஏறி ஐம்பது முறை இறங்குகிறது. எடையில் சில கிராம் வேறுபட்டாலும் அது அதிர்வாகி வண்டி முழுதும் பரவும், பேரிங்கைத் தின்னும். எல்லாவற்றிலும் எடை குறைந்ததை அளவாக வைத்து, மற்றவற்றில் வலிமைக்கு ஊறு நேராத இடங்களில் மட்டும் சிறிது சிறிதாக அராவி நான்கையும் ஒரே எடைக்குக் கொணர்ந்தார்கள். அவ்வேலையைப் பேரனே மூன்று மாலைப் பொழுதுகள் இருந்து செய்து முடித்தான். பந்தய எஞ்சின் அமைப்போரும் இதனைத்தான் முதற்பாடமாகக் கொள்கிறார்கள். இதனால் வண்டியின் குறிப்பேட்டில் ஓரெழுத்தும் மாற வேண்டியதில்லை.

எஞ்சினைக் கூட்டிய பிறகு டியூன் செய்யும் கட்டம். இதில் வரிசை மிக முக்கியம். முதலில் வால்வு இடைவெளி. அடுத்துப் பாயிண்ட் இடைவெளி. பின்னர்ப் பொறி தட்டும் நேரம். கார்பரேட்டரை இறுதியிலேயே தொட வேண்டும். முன்னையவை தவறாக இருக்கக் கார்பரேட்டரைத் திருகிச் சரிசெய்ய முயல்வோர், ஒரு தவற்றால் மற்றொரு தவற்றை மறைப்போர் ஆவர்.

பொறி நேரம் ஏன் முக்கியம்? கலவை எரிந்து பரவச் சிறிது காலம் பிடிக்கிறது. மூவாயிரம் சுற்றில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் 18 பாகை திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே பொறி தட்ட வேண்டும். முந்தினால் தட்டல், பிந்தினால் சோர்வும் சூடும். பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் சிலிண்டர்களைச் சென்றடைய வேண்டும்.

கார்பரேட்டரில் இக்காலத்துக்கே உரிய ஒரு சிக்கலும் எழுந்தது. நம் நாட்டில் 2023 முதல் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவி வருகிறது. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இக்கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். புதிய வண்டிகளின் மின்னணுக் கருவி இதனைத் தானே சரிசெய்துகொள்ளும். பழைய கார்பரேட்டர் அதனை அறியாது. முன்போலவே காற்றை விட, கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து எஞ்சின் சூடேறும். ஆகவே ஜெட்டைச் சிறிதளவே பெரிதாக்கினார்கள். எத்தனாலைத் தாங்கும் புதிய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் போட்டார்கள். பழைய ரப்பர் அதில் ஊறி வெடித்துப் பெட்ரோல் கசிந்தால் தீ விபத்து நேரக்கூடும். ஆதலின் பழைய வண்டி வைத்திருப்போர் இதனைத் தள்ளிப்போடலாகாது.

சிறிது தூரம் ஓட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறமாயின் சரி. இரண்டு நாள் திருத்தத்துக்குப் பின் நான்கும் பிஸ்கட் நிறத்துக்கு வந்தன.

பழைய நான்கு சக்கர வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டலாகாது என்பது விதி. முன்பு தோற்ற வண்டி இம்முறை அவ்வெல்லைக்கு நன்கு கீழே நின்று தேறிற்று. 'வி.ஏ.' பதிவு வேண்டுமா என்று அண்ணாச்சியைக் கேட்டோம். அப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்பதையும் விளக்கினோம். "கண்ணாடிப் பெட்டியிலே வைக்கவா வாங்கினேன்? வாரம் ஒருக்க மாட்டுங்காவுக்குக் காய்கறி வாங்கப் போகணும்லா" என்று கூறிவிட்டார். ஆண்டாப் ஹில் அலுவலகத்திலேயே சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டார்.

புது வளையங்கள் படியும்வரை, முதல் ஆயிரம் கிலோமீட்டர் வேகமாக ஓட்டக் கூடாது. அதன் பின் எண்ணெயை மாற்ற வேண்டும். அத்தூரம் முடிந்த ஞாயிறன்று பேரன் வண்டியை ஓட்டினான். மேம்பாலத்தில் வண்டி மூச்சு வாங்காமல் ஏறிற்று. பெரிய கார்பரேட்டரைப் பற்றி அவன் பின்னர்ப் பேசவில்லை. வால்வு இடைவெளி பார்ப்பது எப்படி என்று மிஸ்திரியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

தில்லியிலோ கல்கத்தாவிலோ பெங்களூரிலோ வாழும் நேயர்களிடம் இத்தகைய பழைய வண்டி இருக்குமாயின், வேலை தொடங்குமுன் அம்மாநிலத்துப் போக்குவரத்து அலுவலகத்தில் விதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் அவை வேறுபடும். உறுப்புகளைக் கைக்கொண்ட பின் இயந்திரத்தைக் கடையச் சொல்லுங்கள். எடுத்த ஒவ்வோர் அளவையும் எழுதி வையுங்கள்.

நாமும் அவ்வாறே செய்தோம். சிலிண்டரின் இப்போதைய அளவு, பேரிங்கின் அளவு, ஜெட்டின் எண், போல்ட்டுகளை முறுக்கிய வரிசை ஆகிய யாவும் தமிழில் எழுதிய ஒரு குறிப்பேடு இப்போது அவ்வண்டியின் முன்பெட்டியில் இருக்கிறது. படி ஒன்று மிஸ்திரியிடம் உள்ளது. மற்றொரு படியைப் பேரன் கேட்டு வாங்கிக்கொண்டான்.